தொப்புள்கொடி ரத்தம்: காசு கட்டிச் சேமிப்பதா, பொதுவில் கொடுப்பதா?

வளைகாப்பு முடிந்த கையோடு பல வீடுகளுக்கு தொப்புள்கொடி ரத்தத்தில் இருக்கும் ஸ்டெம் செல்லை, அதாவது புது ரத்த செல்களை உருவாக்கும் மூல செல்லை, சேமித்து வைக்கும் வங்கியிலிருந்து போன் வந்துவிடுகிறது. பிரசவ நேரத்தில் விட்டால் திரும்பக் கிடைக்காது, 80 நோய்களுக்கு மேல் குணமாகும் என்கிறார்கள். கட்டணம் பல பத்தாயிரம் ரூபாய், தவணையிலும் கட்டலாம். பிரசவ பயத்தில் இருக்கும் பெண்ணிடம் இதைப் பேசி விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. எதற்கும் கையெழுத்துப் போடும் முன் இருக்கிற வழிகளையெல்லாம் பார்த்துவிடுவோம்.

முதலில் தனியார் வங்கி. உங்கள் குழந்தையின் ரத்தத்தை உங்கள் குழந்தைக்காகவே மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தலசீமியா போன்ற மரபணு நோய் வந்தால், அதே கோளாறு சேமித்த செல்லிலும் இருக்கும். ரத்தப் புற்றுநோய் வந்தாலும் சிக்கல்தான். நோய்க்கு வித்திட்ட மாற்றம் பிறக்கும்போதே அந்த ரத்தத்தில் இருந்திருக்கலாம். தவிர, எஞ்சிய புற்றுச் செல்களைத் தேடி அழிப்பது அடுத்தவரின் செல்தான், சொந்த செல்லுக்கு அந்த வேலை தெரியாது. ஆக, அந்த 80 நோய்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது வேறொருவரின் செல். 1988ல் பாரிஸில் மருத்துவர் எலியான் குளூக்மன் செய்த உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சையும் அப்படித்தான் நடந்தது: ஃபான்கோனி ரத்தசோகை என்ற மரபணு நோய் இருந்த சிறுவனுக்குத் தங்கையின் ரத்தம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தன் 2017 வழிகாட்டுதலில், பின்னாளில் சொந்த உபயோகத்துக்கென்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஒரே விதிவிலக்கு, மூத்த குழந்தைக்கு இந்த செல்லால் குணமாகக்கூடிய நோய் இருந்து, அம்மா அடுத்த குழந்தையைச் சுமந்திருப்பது. அந்த வீட்டுக்கு நானும் சேமியுங்கள் என்றுதான் சொல்வேன். உடன்பிறந்தவரோடு திசு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

ஆட்டிசத்துக்கும் உதவும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2020ல் வெளியிட்ட சோதனையில் எதிர்பார்த்த முதன்மைப் பலன் கிடைக்கவில்லை.

இரண்டாவது, 2017ல் சென்னையிலிருந்து தொடங்கிய சமூக வங்கி முறை. பணம் கட்டிய எல்லோருடைய ரத்தமும் ஒரே தொகுப்பில் சேரும். தேவைப்படுகிற உறுப்பினர் அதிலிருந்து பொருத்தமானதை எடுக்கலாம். தனியாகப் பூட்டி வைப்பதைவிட இது மேல். என்றாலும் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. பொது வங்கிதான் நியாயமான ஏற்பாடு: இலவசமாகக் கொடுக்கலாம், பொருந்துகிற யாருக்கும் போய்ச் சேரும். ஆனால் அதை நடத்துவது பெருஞ்செலவு, நம் நாட்டில் அவை மிகக் குறைவு. நீங்கள் பிரசவத்துக்குப் போகிற ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் கொடுக்கவே வழியிருக்காது.

இன்னொரு வழி இருக்கிறது, அதை யாரும் போன் செய்து சொல்வதில்லை: எங்கும் சேமிக்காமல் ரத்தத்தைக் குழந்தைக்கே கொடுத்துவிடுவது. குழந்தை பிறந்து ஒரு நிமிடமாவது பொறுத்துக் கொடியைக் கிளிப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் உள்ளே போய், முதல் மாதங்களுக்கான இரும்புச்சத்தைச் சேர்க்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. சேகரிப்புப் பைக்கு அளவு வேண்டுமென்று சீக்கிரம் வெட்டினால், உறுதியான பலனை விட்டுவிட்டு ஊகத்தைப் பிடிக்கிறோம் என்றே அர்த்தம்.

தாயத்தில் கொடியை அடைத்துக் கட்டிய முன்னோர்கள் ஸ்டெம் செல்லைத்தான் காத்தார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறதல்லவா? காய்ந்த கொடியில் உயிருள்ள செல் கிடையாது. அது பாசத்தின் அடையாளம், அந்த அளவில் அழகானது.

சரி, நாளை ஒரு குழந்தைக்கு உண்மையிலேயே மாற்று செல் தேவைப்பட்டால்? இப்போது பாதி பொருந்தும் அப்பா அம்மாவிடமிருந்தே எடுக்கும் முறை பரவலாகிவிட்டது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை 1986லேயே தொடங்கிய வேலூர் சிஎம்சியிலும் அது நடக்கிறது. ஒரு கொடியில் கிடைக்கும் சராசரி 80, 100 மில்லி ரத்தம் வளர்ந்த ஆளுக்குப் பெரும்பாலும் போதாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

குடும்பத்துக்கு வெளியே கொடையாளர் தேட வேண்டுமென்றால், ஸ்டெம் செல் கொடுக்க முன்வருவோரின் பதிவேடுதான் கை கொடுக்கும். உலகம் முழுக்க 4 கோடிப் பேருக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். திசுப் பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளியில்தான் அமையும், அதில் நம் ஆட்கள் குறைவு. சென்னையில் 2009ல் தொடங்கிய டாத்ரி என்ற பதிவேட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். நம் மக்கள்தொகைக்கு இது எம்மாத்திரம்? பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவல், அவ்வளவுதான். பொருத்தம் வந்தால் சில நாள் ஊசி, அப்புறம் சில மணி நேரம் கையிலிருந்து ரத்தம் எடுத்து, செல்லைப் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பித் தருவார்கள்.

என் தேர்வு இதுதான்: கொடியைப் பொறுத்து வெட்டச் சொல்லுங்கள், பணத்தைக் குழந்தையின் பெயரில் போடுங்கள், கணவனும் மனைவியும் பதிவேட்டில் சேருங்கள். சேரும் முன் வீட்டில் பேசிவிடுவது முக்கியம். பொருத்தம் கிடைத்த பிறகு குடும்பம் பயந்து தடுத்து, கொடையாளர் பின்வாங்குவது இங்கே நடக்கிற விஷயம். அதற்குள் புது செல்லை ஏற்கத் தயாராக்க நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழித்திருந்தால், அந்தப் பின்வாங்கல் உயிரையே எடுத்துவிடும்.