கடற்பசுவுக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் 73,000 ரூபாய் இழந்தோம், நீங்கள் இழக்காதீர்கள்

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பெண்களும் நாட்டுப்படகுக்காரர்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை பதிவு செய்தோம். நான்தான் செயலாளர். போன வருஷம் மதுரையிலிருந்து வந்த ஒருவர் எங்களிடம் மூன்று தவணையாக 73,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதே ஆள் இப்போது மண்டபம் பக்கமும் கீழக்கரை பக்கமும் சங்கங்களைப் பார்த்துப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

அறக்கட்டளையைத் தொடங்கக் காரணமே ஆவுளியாதான். கடற்பசு என்று புத்தகத்தில் போடுவார்கள். ஒருநாள் விடியற்காலையில் என் வீட்டுக்காரரின் வலை கல்லைப்போல் கனத்திருக்கிறது. இழுத்துப் பார்த்தால் ஆவுளியா. மூச்சு வாங்க முடியாமல் தவித்திருக்கிறது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடாவிட்டால் அது தண்ணீருக்குள்ளேயே செத்துவிடும். இவரும் கூடப்போன தம்பியும் கத்தியை எடுத்து வலையை நீளத்துக்கு அறுத்துவிட்டார்கள். வள்ளத்தின் ஓரத்தில் தலையைத் தூக்கி ‘புஸ்’ஸென்று ஒரு மூச்சு விட்டுவிட்டு அது உள்ளே போனதாம். வீட்டுக்கு வந்ததும் அறுந்த வலையைத் திண்ணையில் போட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வலைக்கு வாங்கிய கடனே அடையவில்லை.

ஆவுளியா பதிமூன்று, பதினான்கு மாசம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குப் பல வருஷம் ஆகும். அப்படிப்பட்ட உயிரைக் காப்பாற்றியவர் வீட்டில் அன்றைக்கு உலை வைக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. ‘யார் வலையை அறுத்து ஆவுளியாவையோ ஆமையையோ விட்டாலும், அந்த வாரமே அவருக்கு மாற்று வலை.’ எங்கள் திட்டம் இவ்வளவுதான். அதற்குத்தான் பணம் தேடினோம்.

ராமநாதபுரத்தில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் அவரைச் சந்தித்தோம். ‘அக்கா, அக்கா’ என்று மரியாதையாகப் பேசினார். அழியும் உயிரினங்களுக்கு வெளிநாட்டில் பணம் கொடுக்கிறார்கள் என்று செல்லில் காட்டினார். அது பொய் இல்லை. அபுதாபியில் முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. ஒரு திட்டத்துக்கு 25,000 டாலர் வரைக்கும் கொடுப்பார்கள். இதுபோல வேறு சிலவும் உண்டு. அந்த நிதிக்கு இணையத்தில் நாமே விண்ணப்பம் போடலாம், அதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

முதலில் ‘தர்பன் பதிவு’ என்று 8,000 ரூபாய் வாங்கினார். தர்பன் என்பது தொண்டு அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் அரசுத் தளம். அதில் பதிவு செய்வது இலவசம். அப்புறம் திட்ட அறிக்கை எழுத 25,000. அந்தச் சமயத்தில்தான் இரண்டு காரியம் செய்தோம், நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. எங்கள் லெட்டர்பேடில் மூன்று வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அறக்கட்டளைப் பெயரில் ஒரு மின்னஞ்சல் அவரே திறந்தார், கடவுச்சொல் அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மூன்று மாசம் கழித்து, அந்த நிதியிலிருந்து வந்தது என்று சொல்லி ஒரு கடிதம் அனுப்பினார். தங்க நிற முத்திரை, ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். 25,000 டாலர் ஒப்புதல் ஆகிவிட்டது, இரண்டு சதவீதம் செயலாக்கக் கட்டணம் கட்டினால் பணம் வந்துவிடும், ஒரு வாரம்தான் கெடு என்றார். 40,000 ரூபாய்! நண்டு உடைக்கப் போகும் பெண்கள் குழுவில் சேர்த்துவைத்த பணத்தை எடுத்துத்தான் அனுப்பினோம். ‘வெளிநாட்டுப் பணத்தை நேரடியாக உங்களுக்கு அனுப்ப முடியாது, எங்களிடம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசிடம் செய்யும் பதிவு) உள்ள ஒரு டிரஸ்ட் இருக்கிறது, அதில் வாங்கி உங்களுக்கு மாற்றிவிடுகிறேன்’ என்றும் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பணம் வரவில்லை. போன் எடுப்பது குறைந்தது. கல்லூரி விடுமுறையில் வந்த என் அண்ணன் மகளிடம் விண்ணப்ப நகலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டாள்.

“அத்தை, இதில் பேர்தான் நம்ம ஊர். மற்றதெல்லாம் வேற எங்கேயோ.”

எங்கள் கரையில் லட்சக்கணக்கான பங்குனி ஆமைகள் ஒரே நேரத்தில் முட்டையிட ஏறுகின்றன என்று எழுதியிருந்தது. அது ஒடிசாவில் ருஷிகுல்யா, கஹிர்மாதா கரைகளில் நடப்பது. எங்கள் பக்கம் கடற்புல் மேய வரும் பேராமையைத்தான் நாங்கள் அதிகம் பார்ப்போம். ஓரிடத்தில் ருஷிகுல்யா என்ற பெயரைக்கூட மாற்றாமல் விட்டிருந்தார். எங்கள் ஊர் கடற்பசுப் பாதுகாப்பகத்துக்குள் வருகிறது என்றும் எழுதியிருந்தது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த அந்த 448 சதுர கிலோமீட்டர் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் இருக்கிறது, ராமநாதபுரத்தில் இல்லை. வலை அறுத்தவருக்கு மாற்று வலை என்ற எங்கள் திட்டத்தைத் தேடித் தேடிப் பார்த்தோம். ஒரு வரிகூட இல்லை.

அண்ணன் மகளே அந்த நிதி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். இரண்டு நாளில் பதில் வந்தது. அந்தக் கடிதம் அவர்களுடையது இல்லை. ஆனால் எங்கள் பெயரில் ஒரு விண்ணப்பம் உண்மையாகவே வந்திருக்கிறது. அதில் சந்தேகம் கேட்டு அவர்கள் எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் வராததால் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். அந்த மின்னஞ்சல்தான் அவர் கையில் இருந்ததே. பணம் போனதைவிட எனக்கு இதுதான் வலித்தது. எங்கள் பெயரில், எங்கள் கையெழுத்தோடு, ஒரு பொய் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

ராமநாதபுரத்தில் ஓர் ஆடிட்டரைப் பார்த்தோம். அவர் சொன்னதைக் கவனமாகப் படியுங்கள். வெளிநாட்டு நன்கொடையை வாங்கிய ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை 2020இல் வந்த சட்டத்திருத்தம் அடியோடு தடை செய்துவிட்டது. வாங்குகிற அமைப்பும் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். ஆக, ‘எங்கள் டிரஸ்ட் வழியாக வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுக்கு மூன்று வருஷம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். எங்களைப்போன்ற புது அமைப்புக்கு வழியே இல்லை என்றில்லை. பணம் தருவதாக நன்கொடையாளர் கொடுக்கும் உறுதிக் கடிதத்தை வைத்து, அந்த ஒரு தொகைக்கு மட்டும் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் முன் அனுமதி கேட்கலாம். இந்தியாவுக்குள்ளேயே கிடைக்கும் நிதிக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. கடற்பசுவும் கடல் ஆமையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைப் பிடித்து அளப்பதோ, அடையாள வில்லை மாட்டுவதோ வனத்துறை அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம். எங்கள் விண்ணப்பத்தில் ஆமைக்கு வில்லை மாட்டப்போகிறோம் என்று அவர் எழுதியிருந்தார். அந்தப் பணம் உண்மையிலேயே வந்திருந்தால் எங்கள் பிள்ளைகள் வழக்கில் மாட்டியிருப்பார்கள்.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் சொன்னோம். பணம் அனுப்பி ஐந்து மாசம் ஆகியிருந்தது, முதல் நாளே கூப்பிட்டிருந்தால் வங்கிக் கணக்கை முடக்க வழி இருந்திருக்கும் என்றார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். அந்தப் பழைய மின்னஞ்சல் எங்களுடையது இல்லை என்று தெரிந்த இடங்களுக்கெல்லாம் எழுதிவிட்டோம். உங்களிடமும் அவர் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் இன்றைக்கே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

குழுப் பெண்களின் 40,000 ரூபாயை நிர்வாகிகள் ஐந்து பேர் பங்கு போட்டு மாசாமாசம் கட்டிக்கொண்டு வருகிறோம். இன்னும் 22,000 பாக்கி. விண்ணப்பத்தை மறுபடி நாங்களே தமிழில் எழுதுகிறோம், அண்ணன் மகள் ஆங்கிலத்தில் மாற்றுகிறாள். ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கும் திட்டத்தை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அறுந்த வலையைத் திண்ணையில் விரித்துப் போட்டு என் வீட்டுக்காரர் அளந்து சொல்ல, முதல் பக்கத்தில் அந்த அளவைத்தான் எழுதியிருக்கிறேன்.