ஒற்று திருத்தும்போது தின்ன: கோவில்பட்டி கடலை மிட்டாய்

என் வேலை மெய்ப்பு பார்ப்பது. சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்குப் பத்தொன்பது வருடமாக ஒற்றும் கொம்பும் திருத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் எனக்குப் பிழை கண்ணில் படாது. தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால்தான் வேலை ஓடும். மத்தியானம் மூன்றரை ஆனதும் கண் சொருகும். "வந்துப் பார்த்தான்" என்று அச்சாகியிருப்பதுகூடச் சரி போலத் தோன்ற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் வாய்க்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும்.

இதற்காக நான் தின்று பார்க்காதது இல்லை. சாத்தூர் காராச்சேவு எனக்கு உயிர். ஆனால் நாலு சேவு தின்றுவிட்டுத் தாளைத் தொட்டால் என் கைரேகை போலீஸ் பதிவு மாதிரி அதில் ஏறிவிடும். திருநெல்வேலி அல்வாவுக்கு ஒரு கையை முழுசாக எழுதி வைத்துவிட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத் திறந்தால் பக்கம் முடிவதற்குள் பால்கோவா முடிந்துவிடும். கடம்பூர் போளி சூடாகக் கிடைத்தால் அமிர்தம்தான், ஆனால் நெய் தாளின் பின்பக்கம்வரை போகும். மிக்சர் வேறு வகைத் தொல்லை. அதில் நிலக்கடலையைத் தேடுகிற கண் பக்கத்தில் ஒற்றைத் தேடாது.

கடைசியில் சின்ன வயதில் தின்ற கடலை மிட்டாய்க்கே திரும்பி வந்தேன். தாளில் எதுவும் படாத தீனி.

எனக்குக் கோவில்பட்டியிலிருந்து பத்து கிலோமீட்டரில் ஒரு கரிசல் கிராமம். அறுவடைக் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடலை ஆயப் போவோம். கூலியில் ஒரு பங்கு கடலையாகவே கிடைக்கும். வீட்டில் இவ்வளவு கடலை கிடக்கும்போது காசு கொடுத்துக் கடலை மிட்டாய் கேட்டால் அம்மா முறைப்பாள். "அதே கடலைதானட்டி, வெல்லத்தைக் கடிச்சுக்கிட்டுத் தின்னு" என்பாள். தின்று பார்த்தேன். இரண்டும் ஒன்றில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஏன் ஒன்றில்லை என்பது போன தை மாதம்தான் விளங்கியது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மதினி என்னைத் தனக்குப் பழக்கமான ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். முன்னால் கடை, பின்னால் பட்டறை. கடைக்கார அண்ணாச்சிக்கு எழுபது வயதிருக்கும். உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "செருப்பக் கழத்திட்டு வா தாயி" என்றார்.

உள்ளே வறுத்த கடலையின் தோலை நீக்கிப் பாதி பாதியாக உடைத்துக் குவித்திருந்தார்கள். ஒரு அம்மா முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார். கருகினதும் சுருங்கினதும் தனியே போகும். ஒரு கசப்புப் பருப்பு வாயில் பட்டால் அந்தத் துண்டே போச்சு என்று அவருக்குத் தெரியும். கை அப்படி ஓடியது. அந்தப் பக்கம் கொப்பரையில் வெல்லப் பாகு. அது கொதிக்கிற வாசனையை எழுத வராது எனக்கு. கரும்பாலைப் பக்கம் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பதம் பார்க்கிறவர் இளைஞர்தான், முப்பதுகூட இருக்காது. கரண்டி நுனியில் துளிப் பாகு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார். விரலால் உருட்டினார். உருண்டது. ஆனாலும் தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டு மறுபடி ஒரு துளி. இந்தத் தடவை அதை எடுத்துத் தட்டில் போட்டார். டங்கென்று கல் விழுந்த மாதிரி சத்தம். உடனே கடலையைக் கொட்டிக் கிளற ஆரம்பித்துவிட்டார். அந்த முதல் துளிக்கும் இரண்டாவது துளிக்கும் நடுவில் இருக்கிற ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் துளியிலேயே இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். இரண்டாவதைத் தாண்டவிட்டால் கசக்கும்.

கிளறியதைப் பலகையில் மரச்சட்டத்துக்குள் கொட்டி, கட்டையால் உருட்டிச் சமமாக்கி, மேலே தேங்காய்ப்பூவைத் தூவினார்கள். இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள். சூடு ஆறுவதற்குள் கத்தி போட்டுவிட வேண்டும். ஆறிவிட்டால் கத்திக்கு மசியாது, சுத்தியல்தான் எடுக்கணும் என்றார் அண்ணாச்சி. சிரிக்காமல் சொன்னார்.

இந்தப் பக்கத்தில் கடலை மிட்டாயைத் தொழிலாக ஆக்கியவர் பொன்னம்பல நாடார். 1940களில் தன் மளிகைக் கடையில் கருப்பட்டிப் பாகில் போட ஆரம்பித்தவர். வெல்லம் அப்புறம் வந்தது. மானாவாரியாகக் கரிசலில் விளைகிற கடலைக்கு ஒரு தனி ருசி உண்டு. எங்கள் ஊர்க்காரி என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்குப் பிறகு கண்ட ஊரில் செய்துவிட்டுக் கோவில்பட்டி என்று பெயர் ஒட்டக் கூடாது. ஒட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு கிலோ வாங்கினேன். 280 ரூபாய். கிளம்பும்போது அண்ணாச்சி ஒன்று சொன்னார்: "வெயில் அடிச்சா வாங்கு, மழை பெஞ்சா வாங்காத." நல்ல வியாபாரி இப்படிப் பேச மாட்டார் என்று மதினி வரும் வழியெல்லாம் சிரித்தாள்.

சரி, மிட்டாய்க்கு வருகிறேன். நல்ல கடலை மிட்டாயை வாயில் போடுவதற்கு முன்னால் காதில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தால் 'படக்' என்று ஒரே சத்தத்தில் ஒடிய வேண்டும். வளைந்தால் நமுத்துவிட்டது என்று அர்த்தம். ஒடித்த இடத்தைப் பார்த்தால் கடலைதான் நெருக்கமாகத் தெரிய வேண்டும், பாகு அவற்றைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும். அண்ணாச்சி கடைத் துண்டில் அப்படித்தான் இருந்தது. முதல் கடியில் வெல்லம், மெல்ல மெல்லக் கடலையின் எண்ணெய்ப் பசை, கடைசியில் லேசாகச் சுக்கு. ஏலக்காயும் போடுகிறார்கள் போல, ஆனால் முன்னால் வந்து நிற்கவில்லை. முழுங்கின பிறகு நாக்கில் வெறும் இனிப்பு தங்காமல் வறுத்த வாசனை தங்குகிறது. ஒரு துண்டுக்கு எனக்கு ஒரு பக்கம் ஓடுகிறது. நான் வேகமாகத் தின்கிறவள்தான். இது விட மாட்டேன் என்கிறது.

பக்கத்திலேயே பொரிகடலை மிட்டாய், எள்ளு மிட்டாய், முந்திரி மிட்டாய் எல்லாம் அடுக்கியிருந்தார்கள். எள்ளு பரவாயில்லை. முந்திரி வாங்குகிறவர்கள் கல்யாண வீட்டுக்கு வாங்குகிறார்கள், தின்ன இல்லை. பொரிகடலையைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஒரு கிலோ மாசி முடிவதற்குள் தீர்ந்தது. அப்புறம்தான் தப்பு செய்தேன். பெயர் வேண்டாம், இணையத்தில் விற்கிற ஒரு நிறுவனத்தில் அரைக் கிலோ போட்டேன். பெட்டி அழகோ அழகு. பனைமரம், மாட்டுவண்டி, பாட்டி படம் எல்லாம் உண்டு. பிரித்தால் துண்டு துண்டோடு ஒட்டிக்கிடக்கிறது. ஒடித்தேன், வளைந்தது. கடித்தேன், காறல். பழைய எண்ணெய் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நெடி. பின்பக்கம் பொடி எழுத்தில் திரவக் குளுக்கோஸ் என்று போட்டிருந்தது. மெய்ப்பு பார்க்கிறவள் அதை முதலில் படித்திருக்க வேண்டாமா? புகார் எழுதினேன். பழுதான பொருளைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது. காறலை எப்படிப் படம் எடுப்பது? முகத்தைச் சுளித்து என்னையே எடுத்து அனுப்பலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இப்போது மதினிதான் அனுப்புகிறாள். எவர்சில்வர் தூக்கில் அடைத்து, மூடியைத் துணியால் கட்டி, ஊரிலிருந்து வருகிற யாராவது ஒருவர் கையில். மழைக்காலத்தில் அனுப்ப மாட்டாள். அண்ணாச்சி பேச்சு.

இதை எதோடு தின்பது என்பதிலும் எனக்கு ஒரு கணக்கு உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். ஒரே ஊரில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் சாகித்திய அகாதெமி. அழகிரிசாமி கதைகளை மிட்டாயோடு படிக்கலாம், ஆனால் கடைசி இரண்டு பக்கம் இருக்கும்போது நிறுத்திவிடுவேன். தொண்டையில் வேறு ஏதோ அடைக்கும்.

கி.ரா.வோடு முழுத் தூக்கையும் காலி செய்யலாம். அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, 1982இல் வந்தது, என் மேஜையில் எப்போதும் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வட்டார வழக்கில் எழுதின ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. நானே அந்தப் பேச்சில் வளர்ந்தவள். இருந்தும் பேச்சு வழக்கில் இருந்ததையெல்லாம் சிவப்புப் பேனாவால் ஒழுங்காக்கி, பக்கம் பக்கமாக இலக்கணச் சுத்தம் செய்து கொடுத்தேன். பதிப்பாசிரியர் வந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த அகராதியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். என் அம்மா வாயில் கேட்ட சொற்கள் அகர வரிசையில் அச்சாகி நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்போது வட்டார நாவல் வந்தால் ஒரு சொல்லைத் திருத்துவதற்கு முன் ஒரு துண்டு கடிக்கிறேன். அது கரைவதற்குள் பெரும்பாலும் அந்தச் சொல் சரி என்று தெரிந்துவிடும்.

சோ. தர்மனின் 'சூல்' எனக்கு அரைக் கிலோ பிடித்தது. 2019இல் சாகித்திய அகாதெமி வாங்கிய நாவல், உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றி நடக்கிறது. கண்மாய் நிறைந்திருக்கும் பக்கங்களில் வேகமாகத் தின்றேன் என்று நினைக்கிறேன். பிற்பாடு தூக்கு தானாகவே மூடிக்கிடந்தது.

படத்தோடு இது ஒத்துவராது. தியேட்டரில் ஒருமுறை ஒடித்தேன், முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வீட்டில் பார்க்கலாம்தான். பூமணி எடுத்த 'கருவேலம் பூக்கள்' படத்தை வீட்டில்தான் பார்த்தேன், தூக்கு மடியில் இருந்தது. தீப்பெட்டி ஆலைக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றிய படம். என் அக்கா ஆறாம் வகுப்போடு நின்று அப்படிப் போனவள். விடியுமுன்னே வண்டி வரும், அம்மா அவளைத் தூக்கத்திலேயே தூக்கி ஏற்றிவிடுவாள். சனிக்கிழமை கூலி வாங்கினால் எனக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிவருவாள். அம்மா முறைத்த அதே மிட்டாய். அக்கா கையிலிருந்து வாங்கும்போது அதில் தீப்பெட்டி மருந்து வாசம் லேசாக இருக்கும். நான் அதுவும் மிட்டாயின் வாசம் என்றே நினைத்திருந்தேன். படம் முடிகிறவரை மூடியைத் திறக்கவில்லை.

குறை சொல்லாவிட்டால் விமர்சனம் ஆகாது. முதலில் பல். போன ஆனியில் கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த உறை இதில் கழன்று வந்துவிட்டது. கடலை என்று நினைத்து அதையும் கடித்தேன். ஐம்பது தாண்டினவர்கள் சின்னதாக ஒடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு, வெல்லம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வது வேண்டாம், என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்து மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது, அந்தக் கலர் தேங்காய்ப்பூ. கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ருசியில் அதற்கு வேலை இல்லை. தாளில் எதுவும் படாத தீனி என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அதைப் பொய்யாக்குவதும் அதுதான். நான் இப்போது தின்பதற்கு முன் நகத்தால் சுரண்டிவிடுகிறேன். இந்த வழக்கம் சும்மா வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாவலின் கடைசி மெய்ப்பில், 212ஆம் பக்கத்தில், "அவள்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பில் ஒரு தேங்காய்த் துணுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் கவனிக்கவில்லை. தட்டச்சு செய்கிற பையன் அதை என் சிவப்புப் பேனாக் குறி என்று எடுத்துக்கொண்டு அங்கே ஒரு காற்புள்ளி போட்டுவிட்டான். புத்தகம் வந்தது. "அவள், திரும்பிப் பார்க்கவில்லை" என்று இருந்தது. நான் பதறிப்போய்ப் பதிப்பாசிரியரிடம் ஓடினேன். அதற்குள் நாவலாசிரியரே போன் செய்திருந்தாராம், அந்த இடத்தில் அந்த நிறுத்தம் அருமை, யார் போட்டது என்று.

இரண்டாம் பதிப்பிலும் அந்தக் காற்புள்ளி அப்படியே இருக்கிறது.