என்டெகாவிரா, டெனோபோவிரா? முதலில் பழைய மருந்துச் சீட்டு

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்கு மாத்திரை என்றால் இன்று போட்டி பெரும்பாலும் இரண்டுக்குள்தான். என்டெகாவிர், டெனோபோவிர். இரண்டுமே வைரஸை நன்றாக அடக்கும். இதற்கு முன் எந்த மாத்திரையும் தொடாத நோயாளிக்கு, மருந்து எதிர்ப்பைப் (வைரஸ் மாறிப்போய் மருந்துக்கு அடங்காமல் போவது) பொறுத்தவரை எதைக் கொடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் லாமிவுடின் என்ற பழைய மாத்திரையைச் சாப்பிட்டுப் பழகியவர் என்றால் கதையே வேறு.

அது ஏன் என்று பார்க்க லாமிவுடினுக்கே போக வேண்டும். 1998-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து அது. பக்கவிளைவு குறைவு. ஆனால் ஒரே ஆண்டில் சுமார் கால்வாசிப் பேரிடம் வைரஸ் அதற்கு எதிர்ப்பைப் பெற்றது; ஐந்தாண்டு வாக்கில் அது 70 சதவீதம் வரை போனது. இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழை திருத்திக்கொள்வதில்லை. நகலெடுக்கும் வேலையைச் செய்யும் அதன் பாலிமரேஸ் நொதியில் 204-ஆம் இடத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் போய் வாலினோ ஐசோலூசினோ வந்து உட்கார்ந்தால் போதும், லாமிவுடின் அங்கே சரியாகப் பொருந்தாது. இதே நோய்க்கான இன்னொரு மாத்திரையான டெல்பிவுடின் லாமிவுடினைவிட வீரியமானது, ஆனாலும் சறுக்கியது இதே 204-ல்தான். மற்றொரு மாத்திரையான அடிபோவிர் இந்த இடத்தில் தப்பித்தாலும் 181, 236 ஆகிய இடங்களில் மாட்டிக்கொண்டது. சிறுநீரகத்துக்குப் பயந்து அதைக் குறைந்த அளவில் கொடுக்க வேண்டியிருந்ததால் வீரியமும் போதவில்லை.

சரி, என்டெகாவிருக்கு வருவோம். இது மூன்று பூட்டு போட்ட கதவு மாதிரி. வைரஸ் இதற்கு எதிர்ப்பைப் பெற, அதே நொதியில் 204, 180 இரண்டு இடங்களும் மாற வேண்டும். அதோடு 184, 202, 250 இவற்றில் ஒன்றாவது மாற வேண்டும். அதனால்தான் புது நோயாளிகளில் ஐந்தாண்டு கழித்தும் எதிர்ப்பு 1.2 சதவீதம்தான். லாமிவுடினுக்கு வைரஸ் ஏற்கெனவே பழகிய உடம்பிலோ முதல் இரண்டு பூட்டும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அரை மில்லிகிராமுக்குப் பதில் ஒரு மில்லிகிராம் கொடுத்தும், ஐந்தாண்டில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் எதிர்ப்பு வந்தது. இந்தக் குழுவுக்கு என்டெகாவிர் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டெனோபோவிருக்கு லாமிவுடின் எதிர்ப்பு ஒரு தடையே இல்லை. அதன் முக்கிய ஆய்வுகளில் எட்டு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தும் எதிர்ப்பு உறுதியாகவில்லை. 2019-ல் கொரியாவிலிருந்து, நான்கு மாற்றங்கள் சேர்ந்து டெனோபோவிருக்கு எதிர்ப்புக் காட்டிய வைரஸ் பற்றி ஒரு அறிக்கை வந்தது, அது அபூர்வம். என்டெகாவிருக்கு எதிர்ப்பு வந்தவர்களையும் டெனோபோவிருக்கு மாற்றுவதே வழக்கம்.

அப்படியானால் டெனோபோவிரே எல்லோருக்கும் போதுமே? பழைய வடிவமான டைசோபிராக்சில், 300 மில்லிகிராம், சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும். வயதானவர், எலும்புத் தேய்மானம் உள்ளவர் என்றால் என்டெகாவிரோ, டெனோபோவிரின் புதிய வடிவமான 25 மில்லிகிராம் அலாபெனமைடோ நல்லது. அலாபெனமைடில் ரத்தத்தில் சுற்றும் டெனோபோவிர் சுமார் 89 சதவீதம் குறைவு. ஆனால் கொழுப்பு அளவைக் கவனிக்க வேண்டும். என்டெகாவிரிலும் ஒரு தொந்தரவு உண்டு: வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் விட்டு எடுக்க வேண்டும். கர்ப்பிணிக்கு டெனோபோவிர்தான், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒன்று. வைரஸ் அளவு தான் தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து பத்து மடங்குக்கு மேல் ஏறினால் உடனே மருந்தைக் குறை சொல்லக்கூடாது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்பதுதான் முதல் கேள்வி. இந்த இரண்டு மருந்துகளிலும் எதிர்ப்பைவிட விட்டுப்போன மாத்திரைகளே அதிகம் காரணமாக இருக்கும்.

பழைய சீட்டு கையில் இல்லாதவரிடம் எச்.ஐ.வி சிகிச்சை எடுத்ததுண்டா என்றும் கேட்பது நல்லது. அந்தக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் லாமிவுடின் இருக்கும். சாப்பிட்டவருக்கே அந்தப் பெயர் தெரிந்திருக்காது. எச்.ஐ.வி இருந்து அதற்குச் சிகிச்சை எடுக்காதவருக்கோ என்டெகாவிரை மட்டும் தனியாகக் கொடுக்கவே கூடாது, எச்.ஐ.வி வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டு லாமிவுடினுக்கு எதிர்ப்பைப் பெற்றுவிடும்.