1,800 ரூபா ஈரப்பத மீற்றரும் மகனின் தொய்வும்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, மூன்று வயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா). மே மாதம் மழை தொடங்கினால் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. விடியப்புறம் மூன்று, நாலு மணிக்கு இருமத் தொடங்குவான், மூச்சைத் திறக்கும் நீலப் பம்ப், அதை இழுக்க உதவும் ஸ்பேசர் குழாய், பிறகு முதுகைத் தடவிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பது. இந்த விமர்சனம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கிய ஒரு சின்ன ஈரப்பத மீற்றரைப் பற்றியதுதான், ஆனால் அதற்கு முதல் அதைப்போல இருபது மடங்கு காசை எங்கே கொண்டுபோய்க் கொட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் முதல் குற்றவாளி எப்போதும் சாப்பாடுதான். மாமியிடம் ஒரு பட்டியல் இருக்கிறது: அன்னாசி, இறால், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி (உடம்பில் கடி, தடிப்பைக் கிளப்புபவை), வாழைப்பழமும் தயிரும் சளி. நான் படித்தவள் இல்லையா, அதனால் மாமியை நம்பாமல் ஒரு தனியார் இடத்துக்குப் போய் இரத்தம் கொடுத்தேன். தொண்ணூற்றுச் சொச்சம் சாப்பாட்டுக்கு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அழகான ரிப்போர்ட். முட்டை, பால், கோதுமை மூன்றும் சிவப்பு. இரண்டு மாதம் பிள்ளைக்கு முட்டை இல்லை, பால் இல்லை, பாண் இல்லை. பிறந்தநாள் வீடுகளில் கேக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு கிலோ குறைந்துவிட்டான், இருமல் மட்டும் அப்படியே.

பிறகு பிள்ளைகளுக்கான டொக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். அது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் பரிசோதனையாம். ஒரு சாப்பாட்டை அடிக்கடி சாப்பிடும் யாருக்கும் அது இரத்தத்தில் இருக்கும், ஒவ்வாமையில் பார்க்கவேண்டியது ஐஜிஈ என்ற வேறொரு வகை. ஐரோப்பிய ஒவ்வாமை நிபுணர்களின் அமைப்பு 2008இலேயே சாப்பாட்டு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஐஜிஜியின் ஒரு வகையான ஐஜிஜி4 பரிசோதனை வேண்டாம் என்று எழுதிவிட்டது. அதோடு சாப்பாட்டு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று ஏதாவது கூடவே வரும், வெறும் மூச்சு முட்டல் மட்டும் வருவது குறைவு என்றார்.

சரி என்று தோலில் குத்தும் பரிசோதனை செய்தோம். அலர்ஜி மருந்தை ஒரு கிழமை நிறுத்தவேண்டும், தினமும் இழுக்கும் தடுப்புப் பம்ப்பை நிறுத்தத் தேவையில்லை. முன்னங்கையில் சொட்டுச் சொட்டாக விட்டு மெல்லக் குத்துகிறார்கள், பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், தடிப்பு 3 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால்தான் கணக்கு. மகனுக்குத் தூசிச் சிற்றுண்ணிக்கு (மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி) 7, ஒரு பூஞ்சணத்துக்கு 4. முட்டை, பால், கோதுமை ஒன்றுமில்லை. டொக்டர் சம்மதித்ததும் அன்று பின்னேரமே முட்டை அப்பம். மூன்று சாப்பிட்டான்.

ஆனால் பூஞ்சணம் எங்கே? வீடு பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அதற்காகத்தான் இந்த மீற்றர்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டும் காட்டும், நாளில் ஆகக்கூடியதையும் ஆகக்குறைந்ததையும் ஞாபகம் வைத்திருக்கும். இந்த விலைக்கு வருவதை அப்படியே நம்பக்கூடாது என்று உப்புச் சோதனை செய்தேன்: ஒரு போத்தல் மூடியில் உப்புப் போட்டு, ஈர மணல் மாதிரி வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீற்றரோடு சேர்த்து காற்றுப் போகாத டப்பாவில் ஒரு இரவு மூடி வைத்தால் 75 வீதம் காட்டவேண்டும். என்னுடையது 79. எனவே எப்போதும் நாலைக் கழித்துக்கொள்கிறேன், கீழே உள்ளவை கழித்த கணக்கு.

வீட்டு ஹோலில் 74. மகனின் அறையில் ஏசி இல்லாமல் 78, ஏசி போட்டால் 60க்குக் கிட்ட. அலுமாரிக்குப் பின்னால் நூலில் கட்டித் தொங்கவிட்டேன், 86! கணவரும் நானும் அலுமாரியை இழுத்துப் பார்த்தால் நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாக அப்பிக்கிடக்கிறது. கடலைப் பார்த்த சுவர், மழை நேராக வந்து அடிக்கும், வெளியில் ஒரு வெடிப்பு. அந்த மணத்தை நாங்கள் இவ்வளவு நாளும் பழைய கட்டிட மணம் என்று நினைத்திருந்தோம்.

இன்னொன்று, மழை நாட்களில் இரவு ஏழு மணிக்குப் பிறகு இலக்கம் மளமளவென்று ஏறும். காரணம் நான்தான். மழை என்றால் உடுப்புக் காயப்போடும் ஸ்டாண்டை அவனுடைய அறையில் வைத்து ஃபேனைப் போட்டுவிடுவேன். ஒரு மெஷின் உடுப்பு காயும்போது சுமார் இரண்டு லீற்றர் தண்ணீர் காற்றில் கலக்கிறது, பிள்ளை அதற்குள்தான் படுத்தான்.

சுவரைக் கழுவும்போது அவனைத் தெஹிவளைக்கு அம்மம்மாவிடம் அனுப்பிவிட்டோம். பிளீச் பாவிக்கவில்லை, அந்த மணமே மூச்சு முட்டலைக் கிளப்பும். சவர்க்காரத் தண்ணீர், மாஸ்க், நன்றாகக் காயவிட்டு வெடிப்பை அடைத்த பிறகுதான் பெயின்ட். ஈரத்தை நிறுத்தாமல் மேலே பெயின்ட் அடித்தால் அது அடுத்த மழைக்கே உரியும். அலுமாரி இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது, மெத்தைக்கு உறை, ஏசி ஃபில்டர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவல். பூஞ்சணத்துக்கு 60க்குக் கீழே, சிற்றுண்ணிக்கு 50க்குக் கீழே என்கிறார்கள். கடற்கரையில் வெளிக்காற்றே 80 இருக்கும் ஊரில் 50 எல்லாம் கனவு. மழை நேரம் காற்றோட்டம் என்று யன்னலைத் திறந்தால் ஏறத்தான் செய்யும், அதை இந்த மீற்றரில் கண்ணால் பார்க்கலாம்.

கிழமைக்கு நாலைந்து இரவு இருந்த இருமல் இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை. தடுப்புப் பம்ப்பும் தொடர்கிறது, முழுப் பெருமையையும் மீற்றருக்குக் கொடுக்கமாட்டேன்.

மாமியின் மானத்தைக் காப்பாற்ற ஒன்று சொல்லவேண்டும். கொப்பியில் தினமும் எழுதியதில், போத்தல் கோடியல் (தண்ணீரில் கலக்கும் பழப்பாகு) குடித்த மூன்று முறையும் சில நிமிடத்தில் இருமியிருக்கிறான். போத்தலில் பார்த்தால் பழுதாகாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைற்று, 220 முதல் 228 வரை உள்ள இலக்கங்கள். இது பெரும்பாலும் ஒவ்வாமை மாதிரி வேலை செய்வதில்லை, அதிலிருந்து வரும் கந்தக வாயு சில தொய்வுக்காரரின் சுவாசக் குழாயை உறுத்தும், அதனால் நாங்கள் செய்த எந்தப் பரிசோதனையிலும் அகப்படவில்லை.

மீற்றரின் குறைகள்: இருட்டில் தெரியாது, இடம் மாற்றினால் இலக்கம் நிலைக்கப் பத்து நிமிடம், பின்னாலுள்ள காந்தம் பெயருக்குத்தான், இரண்டு தடவை விழுந்துவிட்டது. காற்றின் ஈரத்தை மட்டும்தான் சொல்லும், பூஞ்சணத்தை நீங்கள்தான் தேடவேண்டும். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ஆகக்கூடிய அளவை ஞாபகம் வைக்கும் பட்டன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், நாங்கள் நித்திரையில் இருந்தபோது நடந்ததை அதுதான் காட்டிக்கொடுத்தது. மாமி இப்போது காலையில் தேத்தண்ணீரோடு போய் அதைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு எழுபத்தெட்டு, உடுப்புத் தோய்க்காதை பிள்ளை" என்கிறார். அவர் நாலைக் கழிப்பதில்லை.