மரைன் ஓப்பன் கவர்: மும்பையிலிருந்து சரக்கு அனுப்பும் சிறு வியாபாரிக்கு எப்படி?

தாராவியில் தோல் பை தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர், மாட்டுங்காவிலிருந்து மசாலாவும் அப்பளமும் வளைகுடாவுக்கு அனுப்புகிறவர் என்று நம்மவர்கள் பலர் இன்ஷூரன்ஸைச் சரக்கு அனுப்பும் ஏஜென்ட்டான ஃபார்வர்டர் கையிலேயே விட்டுவிடுகிறார்கள். பில்லில் ஒரு வரியாக வந்துபோகும் அந்தத் தொகைக்கு எந்த பாலிசி, எந்த கிளாஸ் (எந்தெந்த நஷ்டத்துக்குப் பணம் கிடைக்கும் என்று சொல்லும் நிபந்தனைத் தொகுப்பு) என்று கேட்பதில்லை. ஃபோர்ட் பகுதியில் அரசு, தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எல்லாமே விற்கும் மரைன் ஓப்பன் கவர் பற்றியது இந்த மதிப்பீடு. அடிக்கடி கண்டெய்னர் அனுப்புகிறவர் தன் பெயரிலேயே வாங்க வேண்டிய பாலிசி இது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் நிபந்தனைகளில் பாதி விக்டோரியா மகாராணி காலத்து மரைன் கம்பெனிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டவை. அந்தக் கம்பெனிகள் எதற்குப் பயந்தன என்று தெரிந்தவர்தான் சரியான கவர் கேட்டு வாங்குவார்.

ஓப்பன் கவர் என்பது 12 மாத ஒப்பந்தம். ஒவ்வொரு முறை சரக்கு கிளம்பும்போதும் இன்வாய்ஸ் எண், மதிப்பு, கப்பல், போகும் துறைமுகம் ஆகியவற்றை டிக்ளேர் செய்தால் அந்தச் சரக்குக்கு ஒரு சர்டிபிகேட் வரும். காப்பீட்டுத் தொகை வழக்கமாக சி.ஐ.எஃப். மதிப்பும் (சரக்கு விலை, இன்ஷூரன்ஸ், கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்தது) அதன்மேல் 10 சதவீதமும். சி.ஐ.எஃப். 20 லட்சம் என்றால் 22 லட்சத்துக்குக் கவர். 100 ரூபாய்க்கு 10 பைசா ரேட் என்று வைத்துக்கொண்டால் பிரீமியம் 2,200 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 2,596. ரேட் சரக்கையும் பாதையையும் பொறுத்து மாறும். ரேட்டைப் பேரம் பேசுவதில் காட்டும் அக்கறையை கிளாஸில் காட்டினால் லாபம் அதிகம்.

இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் மூன்று: ஏ, பி, சி. 'சி' தீ, வெடிப்பு, கப்பல் மூழ்குவது, தரைதட்டுவது, மோதல், லாரி கவிழ்வது போன்ற பெரிய விபத்துகளுக்கு மட்டும். 2010 ஆகஸ்ட் 7 அன்று மும்பை துறைமுகத்துக்கு வெளியே எம்.எஸ்.சி. சித்ராவும் கலீஜியாவும் மோதி, கண்டெய்னர்கள் கடலில் விழுந்தன. மோதலால் வந்த நஷ்டம் என்பதால் அது 'சி'யிலேயே அடங்கும். அதே கண்டெய்னரைப் புயலில் அலை அடித்துக்கொண்டு போயிருந்தால் 'சி' தராது, 'பி' வேண்டும். திருட்டு இரண்டிலுமே இல்லை, 'ஏ'யில்தான் உண்டு.

சரக்கு நனைந்து வந்தால் வித்தியாசம் இன்னும் கூர்மை. ஈரமான அட்டைப்பெட்டியின்மேல், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவார். பால் மாதிரி வெளுத்தால் உப்பு இருக்கிறது, கடல் நீர். தெளிவாகவே இருந்தால் மழைத் தண்ணீர், அல்லது கண்டெய்னர் உள்ளேயே வியர்த்த தண்ணீர். 'பி' வைத்திருப்பவருக்கு வெளுத்தால் பணம் வரும், வெளுக்காவிட்டால் வராது. 'ஏ' வைத்திருப்பவருக்கு மழைத் தண்ணீரும் அடக்கம். ஏற்றுமதி ஒப்பந்தத்தில் சி.ஐ.எஃப். என்று மட்டும் இருந்தால் சர்வதேச விற்பனை விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-ன்படி விற்பவர் 'சி' எடுத்தாலே போதும். சி.ஐ.பி. (விற்பவரே போக்குவரத்துக் கட்டணமும் இன்ஷூரன்ஸும் கட்டும் இன்னொரு விற்பனை முறை) என்றால் 'ஏ' கட்டாயம். ஃபார்வர்டர் சத்தமில்லாமல் 'சி' போட்டுவிடுவது இந்த இடைவெளியில்தான். தோல் பொருளுக்கும் உணவுப் பொருளுக்கும் 'ஏ' தவிர வேறெதையும் பரிந்துரைக்க முடியாது.

அடுத்து லிமிட். ஓப்பன் கவரில் 'ஒரு கப்பலுக்கு இவ்வளவு', 'ஓர் இடத்துக்கு இவ்வளவு' என்று இரண்டு உச்சவரம்பு இருக்கும். விண்ணப்பத்தில் பலர் ஏனோதானோவென்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். இந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது.

பிரிட்டனில் 1720 முதல் 1824 வரை ராயல் எக்ஸ்சேஞ்ச், லண்டன் அஷ்யூரன்ஸ் என்ற இரண்டு கம்பெனிகளுக்கு மட்டுமே மரைன் இன்ஷூரன்ஸ் எழுத, அதாவது பாலிசி கொடுக்க, உரிமை. மீதியெல்லாம் லண்டன் இன்ஷூரன்ஸ் சந்தையான லாயிட்ஸில் தனி ஆட்கள் எழுதியது. 1824-ல் தடை நீங்கியது. ஆனால் 1855-ல் வந்த, பங்குதாரர் தன் பங்குத் தொகைக்கு மட்டுமே பொறுப்பு என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்புச் சட்டம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒதுக்கிவைத்தது. 1862-ன் கம்பெனிச் சட்டம்தான் அவற்றையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பம்பாய்ப் பருத்தி லிவர்பூலுக்குக் குவிந்துகொண்டிருந்த நேரம் அது. மறு ஆண்டே லிவர்பூலில் பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் மரைன், யூனியன் மரைன் என்று இரண்டு கம்பெனிகள் முளைத்தன.

தொடங்கும் முறையில் பெரிய ரகசியம் இல்லை. வியாபாரிகளையும் கப்பல் முதலாளிகளையும் இயக்குநர்களாகச் சேர்ப்பார்கள், அவர்களே பங்குதாரர், அவர்களே வாடிக்கையாளர். பங்கின் முகமதிப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் வசூலித்து, மீதியைக் கேட்கும்போது தரவேண்டிய பணமாக விட்டுவைப்பார்கள். கையிருப்பு குறைவாக இருந்தாலும் பின்னால் பெரிய தொகை நிற்கிறது என்ற நம்பிக்கைதான் கம்பெனியின் பலம். அதன்பிறகு எந்த ரிஸ்க்கை ஏற்பது என்று முடிவு செய்யும் அனுபவமுள்ள அண்டர்ரைட்டர் ஒருவரை அமர்த்தி, வெளிநாட்டுத் துறைமுகங்களில் ஏஜென்ட்டுகளை நியமிக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். ஏற்ற ரிஸ்க்கில் ஒரு பங்கை மறுகாப்பீடாக இன்னொருவரிடம் தள்ளிவிடுவதை 18-ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று 1864 வரை தடுத்து வைத்திருந்தது. லண்டன் அலுவலகம் ஒரு கப்பலுக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே பம்பாய் ஏஜென்டும் அதே கப்பலுக்கு எழுதியிருக்கலாம். 1870-ல் கடலடித் தந்தி பம்பாய்க்கு வரும்வரை ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அந்தக் கப்பல் மூழ்கினால் புதுக் கம்பெனியும் கூடவே மூழ்கும். ஆகவே ஒரு கப்பலுக்கு இவ்வளவுதான் என்று கோடு போடுவது உயிர் பிழைக்கும் விதியானது.

இன்று அந்தக் கோடு உங்கள் பாலிசியில் இருக்கிறது. லிமிட் 30 லட்சம் என்று இருக்க, தீபாவளி ஆர்டரில் இரண்டு கண்டெய்னர் 44 லட்சத்துக்கு ஒரே கப்பலில் ஏறினால், மேலே உள்ள 14 லட்சத்துக்குக் கவர் இல்லை. மழைக்காலத்தில் நவசேவா துறைமுகத்தில் கப்பல் தாமதமாகி, இரண்டு மூன்று வாரச் சரக்கு ஒரே கண்டெய்னர் யார்டில் சேர்ந்தால் இட லிமிட்டும் இதேபோல் உடையும். வருஷத்தின் மிகப் பெரிய மாதத்தை வைத்து லிமிட் கேளுங்கள், சராசரியை வைத்து வேண்டாம்.

எக்ஸெஸும், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய பகுதியும், பழைய சரக்குதான். 1779 முதல் 1982 வரை புழங்கிய லாயிட்ஸ் பாலிசிப் படிவத்தில் தோலுக்கு 5 சதவீதத்துக்குக் குறைந்த பகுதிச் சேதத்துக்குப் பணம் கிடையாது, பெரும்பாலான மற்றச் சரக்குக்கு 3 சதவீதம். ஒரு நல்ல விஷயம், அந்த வரம்பைத் தாண்டினால் முழுச் சேதமும் கிடைத்தது. இன்றைய எக்ஸெஸ் அப்படியில்லை, எவ்வளவு பெரிய க்ளெய்மானாலும் அது கழிக்கப்படும். 22 லட்சத்தில் 0.5 சதவீதம் என்றால் 11,000 ரூபாய். அது சேதத் தொகையின்மீதா, சரக்கு முழுமதிப்பின்மீதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கே உரிய கண்ணி ஒன்று உண்டு. இன்ஷூரன்ஸ் சட்டம் 1938-ன் 64விபி பிரிவின்படி பிரீமியம் கைக்கு வராமல் கவர் தொடங்காது. ஓப்பன் கவருக்கு முன்பணம் கட்டி, ஒவ்வொரு டிக்ளரேஷனுக்கும் கழித்துக்கொண்டே வருவார்கள். முன்பண இருப்பு தீர்ந்தது தெரியாமல் அனுப்பிய சரக்கு கவர் இல்லாமல் தெருவில் நிற்கும். டிக்ளரேஷன் தவறிப்போனதை நல்லெண்ணத்தோடு பின்னால் திருத்தலாம், நஷ்டத்துக்குப் பிறகும்கூட, என்று 1963-ன் கடல் காப்பீட்டுச் சட்டம் இடம் தருகிறது. காலியான கணக்குக்கு அந்தச் சலுகை உதவாது.

'ஏ' கிளாஸிலும் கிடைக்காதவை: உங்கள் ஆட்களே கட்டிய மோசமான பேக்கிங், சரக்கின் சொந்தக் குணத்தால் வரும் கெடுதல், தாமதம். தோல் பைகளில் பூஞ்சைக் க்ளெய்ம்கள் அடிபடுவது முதல் இரண்டில்தான். ஜூலை மாத ஈரக் காற்றோடு கதவு சாத்திய கண்டெய்னர் ஹாம்பர்க் குளிரில் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். சரியாகக் காயாத தோலும் பச்சை மரப் பலகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஏற்றுமுன் ஒருவர் உள்ளே நின்று கதவை மூடி வெளிச்சம் எங்காவது தெரிகிறதா என்று பார்க்கட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டு, இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். தாமதத்துக்கு 1890-ன் பிங்க் எதிர் ஃபிளெமிங் வழக்கைப் பாருங்கள்: மோதிய கப்பலைப் பழுதுபார்க்க ஆரஞ்சும் எலுமிச்சையும் இறக்கி ஏற்றப்பட்டு, அதிலும் தாமதத்திலும் அழுகின. மோதல் நேரடிக் காரணமல்ல என்று தீர்ப்பானது.

இந்த பாலிசி கொடுக்கும் காசுக்கு உண்மையிலேயே மதிப்பு காட்டுவது ஜெனரல் ஆவரேஜில். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவை எல்லாச் சரக்குக்காரரும் பங்கிட வேண்டும். 2021-ல் சூயஸில் சிக்கிய எவர் கிவனில் அப்படித்தான் அறிவித்தார்கள். இன்ஷூரன்ஸ் இருப்பவருக்குக் கம்பெனி உத்தரவாதக் கடிதம் தரும், பெட்டி கிடைத்துவிடும். இல்லாதவர் தன் சரக்குக்குச் சேதமே இல்லாவிட்டாலும் ரொக்கம் கட்டினால்தான் பெட்டி. இது 'சி'யிலும் உண்டு.

எஃப்.ஓ.பி. முறையில் (சரக்கு கப்பலில் ஏறும்வரை மட்டும் விற்பவர் பொறுப்பு) விற்பவர்கள் 'வாங்குபவர் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறார்' என்று நிம்மதியாக இருப்பது தவறு. தாராவியிலிருந்து நவசேவாவில் கப்பலில் ஏறும்வரை ரிஸ்க் உங்களுடையது. அதற்குத் தனி உள்நாட்டுக் கவர் கேளுங்கள். போர்க் கவரும் தனி, அது கடலில் மட்டும் ஓடும்.

சேதம் தெரிந்தால் சீல் எண்ணை பில் ஆஃப் லேடிங்கோடு (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) ஒப்பிட்டு, திறப்பதற்குமுன் போட்டோ எடுத்து, டெலிவரி ரசீதில் குறிப்பு எழுத வேண்டும். வெளியில் தெரியாத சேதமானால் கப்பல் கம்பெனிக்கு மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ். அதே நாளில் சர்வேயருக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல். கப்பல் கம்பெனிமேல் வழக்குப் போடும் கெடு டெலிவரியிலிருந்து ஓர் ஆண்டு. உங்கள் க்ளெய்ம் இழுத்துக்கொண்டே போனால், அந்த ஓராண்டு முடியுமுன் கப்பல் கம்பெனியிடம் கெடு நீட்டிப்பை எழுதி வாங்குங்கள். அதைக் கோட்டைவிட்டால், கப்பல் கம்பெனியிடம் வசூலிக்கும் உரிமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்கள் தொகையிலேயே கை வைக்கும்.