கோர்வையா, ஒற்றை நாடாவா, விசைத்தறியா?

கல்யாணத்துக்குக் காஞ்சிப் பட்டு எடுக்கப் போனால் மூன்று சேலைகளை முன்னால் விரித்துப் போடுவார்கள். மூன்றிலும் பச்சை உடல், அரக்குக் கரை, தாழம்பூ ரேக்கு என்ற கரைக்கோலம். முதலாவது மூன்று நாடா (குறுக்கிழையைச் சுமந்து ஓடும் தறிக்கட்டை) ஓட்டி நெய்த கோர்வை. அடுத்தது ஒற்றை நாடாவில், ஜக்கார்டு என்ற கோலம் போடும் பொறி பூட்டிய கைத்தறியில் நெய்தது. கடைசியாக விசைத்தறி. எட்ட நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுதான், விலையில்தான் அத்தனை தூரம்.

கரையைத் திருப்பிப் பாருங்கள். ஒற்றை நாடாச் சேலையில் ஊடை, அதாவது குறுக்கிழை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடும். உடலின் பச்சை இழை கரையின் அரக்குப் பாவுக்குள்ளும் (நெடுக்கிழைக்குள்ளும்) புகுந்துவிடுவதால் கரையின் அரக்கு கொஞ்சம் மங்கும். அதனால்தான் அப்படிப்பட்ட சேலைகளில் கரை முழுக்கச் சரிகையை நிரப்பிவிடுகிறார்கள். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் இழையும் கரை இழையும் சந்திக்கும் இடத்தில் கோத்துக்கொள்கின்றன. அரக்கு அரக்காகவே நிற்கிறது. கரையைத் தனியாக நெய்து பிறகு உடலோடு ஒட்டுவார்கள் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. தறியிலேயே, இழை இழையாக நடக்கும் இணைப்பு இது.

கோர்வையின் அருமை அதுதான், அதன் சங்கடமும் அதுதான். தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளருக்கு எதிர்ப்பக்கக் கரை நாடாவைப் போட இன்னொரு ஆள் வேண்டும். ஒரு காலத்தில் வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்தார்கள். இன்றைக்கு அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள், போகத்தான் வேண்டும். பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு மரபைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படியென்றால் இரண்டு பெரியவர்களின் நாட்கூலி அந்தச் சேலையில் ஏற வேண்டும். ஒற்றை நாடாவென்றால் ஒருவரே நெய்துவிடலாம், நாளும் குறைவு. நெசவாளர்கள் அந்தப் பக்கம் போவதில் என்ன குற்றம்?

ஒற்றை நாடாவை நான் மட்டமாகப் பேசவில்லை. உடலும் கரையும் ஒரே நிறம், அல்லது பக்கத்துப் பக்கத்து நிறம் என்றால் அதில் குறையே தெரியாது. ஊடைக்கு வேறு நிறம் கொடுத்து, அசையும்போது நிறம் மாறித் தெரியும்படி நெய்கிறார்கள் பாருங்கள், அது தனி அழகு. ஜக்கார்டு வந்ததால் கெட்டுப்போனது என்ற பேச்சும் எனக்கு ஒட்டாது. 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் பிறந்த பொறி அது. இங்கே முன்பு நூலால் கட்டிய ‘அடை’ செய்த வேலையை அது எடுத்துக்கொண்டது. 1937-இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் நெசவைத் தொடங்கியபோதும் பழைய கரைகளையும் நிறங்களையும் தேடித் தேர்ந்தெடுத்துத்தான் நெய்ய வைத்தார். இன்று நாம் ‘பாரம்பரியம்’ என்று சொல்வதில் அந்தத் தேர்வுக்கும் பங்கு உண்டு.

என் கணக்கில் பழமை மயிலிலோ மாங்காயிலோ இல்லை. மயிலை எந்தப் பொறியும் நெய்துவிடும். ஒரு பூகூட இல்லாத வெறும் கட்டம் போட்ட புதுச்சேலை கோர்வையில் வந்திருந்தால், மயில் நிறைந்த ஒற்றை நாடாப் பட்டைவிட மரபுக்கு நெருக்கமானது அதுதான். புதிதாக வடிவமைக்கிறவர்கள் கோலத்தை மாற்றட்டும், நிறத்தை மாற்றட்டும். இணைப்பை மட்டும் விட வேண்டாம்.

விசைத்தறிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தினசரி உடுத்த அது போதும், அந்தத் தறிகளிலும் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கைத்தறி என்று சொல்லி அதை விற்பது ஏமாற்று. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களில் சேலையும் ஒன்று. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டு முத்திரை வேறு. அது பட்டு சுத்தமா என்பதற்கு மட்டும்தான், கையால் நெய்ததா என்பதற்கு அல்ல.

சரி, கோர்வைப் பட்டுக்குக் கையில் காசு இல்லையென்றால்? கோர்வையைப் பருத்தியிலும் பட்டுப்பருத்தியிலும் நெய்கிறார்கள். நான் அதைத்தான் எடுப்பேன். எடுக்கும்போது கரையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் கோட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். இழைகள் கோத்த இடம் மெல்லிய வரப்புபோல விரலில் தட்டும்.