திருகோணமலையில் பழைய பிராடோவுக்குப் பெரிய றிம்: அளவு, நட், பலன்ஸ், எலைன்மென்ட்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் ஊரில் இருந்த பழைய ஜீப்புகளைத் திருத்தித் திருத்தித்தான் ஓடினார்கள். இப்போது வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பலர், அண்ணன் தம்பியின் 120 தொடர் ரொயோட்டா பிராடோவுக்குப் பெரிய றிம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறார்கள். அதைத் திருகோணமலையில் செய்யலாமா, கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. இங்கேயே செய்யலாம். ரயர் மாற்றவும் பலன்ஸ் செய்யவும் எலைன்மென்ட் பார்க்கவும் லேத், வெல்டிங் வேலைக்கும் நகரத்தில் ஆள் இருக்கிறது, கைவேலையும் நல்லது. ஆனால் அளவு பார்த்து வேண்டாம் என்று சொல்லும் கடை குறைவு. "பிரச்சினை இல்லை அண்ணை, போட்டுத் தரலாம்" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். ஆகவே அளவை நீங்கள்தான் கையோடு கொண்டுபோக வேண்டும்.

2002 முதல் 2009 வரை வந்த இந்தப் பிராடோவில் சில்லுக்கு ஆறு நட். துளை வட்டம், அதாவது நட் துளைகளின் நடுவழியே போகும் வட்டத்தின் விட்டம், 139.7 மில்லிமீற்றர், றிம்மின் நடுத்துளை 106.1, நட்டின் புரி 12க்கு 1.5 (12 மில்லிமீற்றர் தடிப்பு, புரிக்குப் புரி 1.5). மிட்சுபிசி மொன்டெரோவின் மூன்றாம், நான்காம் தலைமுறைக்கும் அதே ஆறு நட், அதே வட்டம்தான். ஆனால் நடுத்துளை 67.1. அந்த றிம் பிராடோவின் ஹப்பில், அதாவது சில்லு பூட்டும் நடுக் குடத்தில், ஏறவே ஏறாது. லேத்தில் துளையைப் பெருப்பித்துத் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள், நட் இருக்கைக்குப் பக்கத்தில் உலோகம் மெலிந்துபோகும். பழைய நிசான் பட்ரோல் (Y61) றிம்மின் நடுத்துளை 110. அது ஏறும், ஆனால் நான்கு மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கும், இடைவளையம் போடாவிட்டால் சில்லு நடுவில் நிற்காது. பட்ரோல் நட்டின் புரி 12க்கு 1.25. பிராடோ ஸ்டட்டில் (நட் ஏறும் ஆணியில்) கையால் ஒரு சுற்றுச் சுற்றினாலே இறுகி நின்றுவிடும். அதைக் காற்றுத் துப்பாக்கியால் ஏற்றினால் ஸ்டட்டும் நட்டும் இரண்டும் போய்விடும்.

அடுத்தது ஓஃப்செட், அதாவது றிம்மின் அகல நடுக்கோட்டுக்கும் ஹப்பில் அமரும் முகத்துக்கும் உள்ள இடைத்தூரம், மில்லிமீற்றரில். அதிகம் பிசகுவது இதில்தான். பிராடோவோடு வந்த 17 அங்குல அலோய் றிம்மின் அகலம் 7.5 அங்குலம், ஓஃப்செட் 30. அகலத்தில் பாதி 95 மில்லிமீற்றர். அதிலிருந்து 30 கழித்தால், ஹப் முகத்துக்கு வெளியே றிம் நீட்டும் அளவு 65. கூட்டினால் உள்ளே போவது 125. இனி 9 அங்குல அகலம், ஓஃப்செட் பூச்சியம் என்ற றிம்மைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் 114. அதாவது சில்லு 49 மில்லிமீற்றர் வெளியே வந்துவிடும். மட்கார்ட் மறைக்காது, மழைக்காலத்தில் சேறு கதவுக் கைபிடி வரை அடிக்கும், பொலிஸ் மறித்தால் பதில் சொல்ல முடியாது, பெயரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் சுமை கூடும். 8.5 அங்குலம், ஓஃப்செட் 20 என்றால் வெளியே 23 மில்லிமீற்றர் கூடுகிறது, உள்ளே 3 மட்டும். பார்வைக்கும் நன்றாக இருக்கும், வாகனமும் தாங்கும். இந்த அளவுக்கு மேல் போக வேண்டிய தேவை இல்லை.

ரயரின் மொத்த உயரத்தையும் கணக்குப் போடுங்கள். கம்பனி அளவு 265/65-17 (அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச் சுவர் அதில் 65 வீதம், றிம் 17 அங்குலம்), விட்டம் 776 மில்லிமீற்றர். 265/70-17 போட்டால் 803. 285/70-17 என்றால் 831, ஏழு வீதம் கூடுதல். மீற்றர் 60 காட்டும்போது வாகனம் 64இல் போகும். எஞ்சின் மேட்டில் திணறும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். 20 அங்குல றிம்மில் 285/50 போட்டால் விட்டம் 793தான், மீற்றருக்குப் பாதகமில்லை. ஆனால் ரயரின் பக்கச் சுவர் 172இலிருந்து 142க்கு இறங்கிவிடும். நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வரை போகிறவர்களுக்கும், தம்பலகாமத்து வயல் வீதிகளில் இறங்குகிறவர்களுக்கும் அந்த 30 மில்லிமீற்றர்தான் றிம்மைக் காக்கிற மெத்தை. குழியில் விழுந்து பக்கச் சுவரில் முட்டை போல் வீங்கினால் அந்த ரயர் முடிந்தது, ஒட்டி ஓட முடியாது. 22 அங்குலத்தை இந்தப் பக்கத்துக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். நகரத்துக்குள் மட்டும் ஓடினாலும் சரி.

ஜப்பானில் பாவித்த றிம் வாங்குவதென்றால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஜே.டபிள்யூ.எல். (JWL, ஜப்பானின் அலோய் றிம் தரக் குறி) என்ற எழுத்து வார்ப்பில் இருக்கிறதா, வெல்டிங் தடம் இருக்கிறதா, விளிம்பின் உள்மடிப்பு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். சின்ன வளைவு கண்ணுக்குத் தெரியாது. ரயர் போடாமல் வெறும் றிம்மைப் பலன்ஸ் மெசினில் சுற்றவிட்டு, ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியை விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தால் இடைவெளி கூடிக் குறைவது தெரியும். துளையை அடைத்து வேறு வட்டத்தில் துளையிட்ட றிம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். குரோம் பூசியதும் உப்புவெளி, அலஸ்தோட்டம் போன்ற கடலோர வீடுகளுக்குப் பொருந்தாது, உப்புக்காற்றில் புள்ளி விழுந்து உரியும். பெயின்ற் அடித்த றிம்மே நல்லது.

காசைக் கொடுக்க முதல் முன்பக்கத்தை ஜக் அடித்துத் தூக்குங்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் போல் ஜொயின்ற், பெயரிங் தேய்மானம் தெரியும். இடமும் வலமும் ஆட்டினால் டை ரொட் எண்ட், ஸ்டியரிங் றேக்கின் ரப்பர் ஆகியவற்றின் தேய்மானம் தெரியும். ஆட்டம் இருந்தால் அந்த வேலை முதலில், றிம் பிறகு. கூடவே முன் சில்லைத் தாங்கும் கீழ்க் கையின் இரண்டு கேம் போல்ட்டுகளும் (எலைன்மென்டைத் திருப்பிச் சரிசெய்யும் போல்ட்டுகள்) திரும்புகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஊரில் கறள் பிடித்து ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். அவை திரும்பாவிட்டால் எலைன்மென்ட் என்பது ரோ (சில்லுகளின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டுக் காசு வாங்குவதுதான். முதல் நாளே கறள் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் வெட்டி எடுத்துப் புது போல்ட்டும் புஷ்ஷும் போட வேண்டும், அதற்கு ஒரு முழு நாள் போகும்.

இனி பூட்டுவது. ஹப் முகத்தில் கறள் இருந்தால் வயர் பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். கறள் தூளுக்கு மேல் இறுக்கிய றிம், தூள் நசுங்கியதும் தளரும். ஹப்பின் நடு வளையத்தில் கிறீஸ் மெல்லிதாகத் தடவலாம், ஸ்டட் புரியில் தடவக் கூடாது. நட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரொயோட்டாவின் அலோய் நட்டுக்கு உருளையான கழுத்தும் தட்டையான வொஷரும் இருக்கும். வெளியில் வாங்கும் றிம்மின் துளை பெரும்பாலும் 60 பாகைக் கூம்பாகக் கடைந்திருக்கும். பழைய நட்டை அதில் போட்டால் வொஷரின் ஓரம் கூம்பில் ஒரு கோடாக மட்டும் தொடும். இறுகியது போலத் தெரியும். ஓட ஓட அந்தக் கோடு தேய்ந்து நட் தளரும், துளை நீள்வட்டமாகும், பிறகு ஸ்டட் முறியும். ஆகவே கூம்பு நட் 24 வேண்டும். ஒவ்வொன்றும் ஸ்டட்டில் குறைந்தது எட்டு முழுச் சுற்று ஏற வேண்டும். குறைந்தால் றிம்மின் நட் இருக்கை தடிப்பு, அந்த நட் கட்டை என்று அர்த்தம்.

ஆறையும் கையால் தொடங்கி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசி இறுக்கத்தைச் சில்லு தரையில் தொட்டபடி டோர்க் ரென்ச்சால் 112 நியூட்டன் மீற்றருக்கு வைக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் முடிப்பதுதான் இங்கே பழக்கம். மரியாதையாகச் சொன்னால் நிறுத்துவார்கள், "பாஸ், கடைசி இறுக்கு கையால் வைப்போம்" என்றால் போதும். டோர்க் ரென்ச் எல்லாக் கடையிலும் இருக்காது. பூட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும். கந்தளாய்க்குப் போய்வந்தால் ஏறத்தாழ 80 கிலோமீற்றர், அளவான ஓட்டம். அதே ஓட்டத்தில் 70 என்ற சட்ட வேகத்தில் ஸ்டியரிங் அதிர்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அதிர்ந்தால் பெரும்பாலும் றிம்மில் குற்றம் இராது, சில்லை நடுவில் பிடிக்கும் பலன்ஸ் மெசினின் கூம்பில்தான் இருக்கும். 106 மில்லிமீற்றர் துளைக்குப் பெரிய கூம்பு வேண்டும். கார்கள் மட்டும் செய்யும் கடையில் அது இல்லாமல் இருக்கலாம். அப்போது சின்னக் கூம்பில் ஏதோ ஒரு தட்டை வைத்து இறுக்குவார்கள், சில்லு நடுவில் நிற்காது, மெசின் பூச்சியம் காட்டும், வீதியில் நடுங்கும். சோதனை எளிது: பலன்ஸ் முடிந்த சில்லை மெசினிலிருந்து தளர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி இறுக்கிச் சுற்றவிடச் சொல்லுங்கள். பத்துக் கிராமுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அந்தப் பலன்ஸ் பொய். பெரிய வான், லொறி பார்க்கும் கடையைத் தேடிப் போங்கள். பலன்ஸ் ஈயத்தை உள், வெளி இரண்டு பக்கமும் வைக்க வேண்டும், அழகுக்காக உள்ளே மட்டும் ஒட்டுவது அகல றிம்முக்குப் போதாது.

உரசலைத் தட்டையான நிலத்தில் பார்த்துவிட்டு ஓம் என்று சொல்லக் கூடாது. ஒரு முன் சில்லை மண்சாக்கின் மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்க இடம், முழுக்க வலம், முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். மட்கார்டின் உள் பிளாஸ்ரிக்கில் சோக் பூசி வைத்தால் தொட்ட இடம் ரயரில் வெள்ளையாக விழும். 285/70 போட்டால் அது விழும் இடம் பெரும்பாலும் முன் சில்லுக்குப் பின்னால் செசியோடு பொடி நிற்கும் பிரக்கெட்டின் மூலை. வெட்டி, தகடு வைத்து வெல்ட் பண்ணலாம், செய்கிறவர்கள் உண்டு. பொடியின் பாரத்தைத் தாங்குகிற இடம் அது என்பதை மறக்கக் கூடாது. வெட்டினால் அதே தடிப்புத் தகடால் மூடி, முழு ஓரமும் வெல்ட் ஓட்டி, துத்தநாக பிரைமர் அடித்துத்தான் மூட வேண்டும். பற்றரி இரண்டு வயரையும் கழற்றிய பிறகே வெல்டிங். எங்கள் கருத்தில் 265/70-17 போட்டுவிட்டு அந்த மூலையைத் தொடாமல் விடுவதே நல்லது. கொஞ்சம்தான் தொடுகிறது என்றால், எலைன்மென்டில் கீழ்க் கையை முன்னே தள்ளி கஸ்டரை, அதாவது சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வை, கூட்டச் சொல்லுங்கள். சில்லு சில மில்லிமீற்றர் முன்னுக்கு வரும், உரசல் நின்றுவிடலாம். கேம் போல்ட் திரும்ப வேண்டும் என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ரயர் வாங்கும்போது பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆம் கிழமை. பழைய கையிருப்பு மலிவாக வரும், இந்த வெயிலுக்கு வேண்டாம். சுமைச் சுட்டெண் 112க்குக் குறையக் கூடாது, அது ஒரு ரயருக்கு 1120 கிலோ. காற்றைக் காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் ஓடி வந்து அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து றிம்மைக் கொண்டுவர வேண்டாம். பெட்டியில் கூம்பு நட் 24, அளவான இடைவளையம் நான்கு, ஒரு டோர்க் ரென்ச் வந்தால் போதும். வெள்ளி மத்தியானம் தொழுகை நேரத்தில் பல கடைகள் பூட்டியிருக்கும், போயா நாளிலும் ஆள் கிடைப்பது கஷ்டம். விமானம் ஏறுவதற்கு முந்தின வாரத்தில் தொடங்கினால் மறு இறுக்கத்துக்கு நேரம் இராது.

ஐந்தாவது சில்லை விட்டுவிடாதீர்கள். இந்தப் பிராடோ நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும் வாகனம். ஒரு மூலையில் பழைய 776, மற்ற மூன்றில் 803 என்று ஓடினால் நடு டிபரென்ஷியல் ஓய்வில்லாமல் சுற்றிச் சூடாகும். அதனால் ஸ்பெயாரும் அதே விட்டம் வேண்டும். பாரம் கூடினால் பின்கதவின் பிணைச்சல் தொய்கிறதா என்று கதவைத் திறந்து தூக்கிப் பாருங்கள். ஸ்பெயார் பழைய அலோய் றிம்மிலேயே இருந்தால், கழற்றிய கழுத்து நட்டில் ஆறை ஒரு துணியில் கட்டி டாஷ்போட் பெட்டிக்குள் வைத்து, வாகனம் ஓடுகிறவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். இரவில் ஹபரணைக் காட்டுக்குள் ரயர் போனால் அந்த ஆறு நட் இல்லாமல் ஸ்பெயாரைப் பூட்ட முடியாது.